அமானிதமாக வந்த பேஸ் கிட்டார்

என்னிடம் ஒரு கதை இருந்தது. அலுவலகத்தில் புதிதாக வந்த பையன்களோடு டீ குடிக்கும்போது, கல்யாண வரவேற்பு மேடையில் யாராவது கிட்டாரைத் தோளில் மாட்டும்போது, இளையராஜாவா ரஹ்மானா என்று பேச்சு சூடாகும்போது அந்தக் கதை தானாக வெளியே வந்துவிடும். “நானும் ஒரு காலத்துல பேஸ் வாசிச்சவன்தான்” என்று தொடங்குவேன். திருச்சி, தொண்ணூறுகள், மெல்லிசைக் குழு, மாரியம்மன் கோயில் திருவிழா, விடிய விடியக் கச்சேரி. ரசம் வைக்கும் பாத்திரத்தில் கிட்டார் கம்பியை வேகவைத்த கட்டம் வரும்போது எல்லோரும் சிரிப்பார்கள். மைக்கில் உதடு பட்டு ஷாக் அடித்த பாடகர் வரும்போது இன்னும் கொஞ்சம் சிரிப்பார்கள். கடைசியில் நான் ஒரு பெருமூச்சு விட்டு, “அந்த பேஸ் மாதிரி ஒண்ணு அப்புறம் எனக்கு அமையவே இல்ல” என்பேன். அத்தோடு கதை முடியும்.

இருபது வருடம் போல இதைச் சொல்லியிருக்கிறேன். ஒருவரும் குறுக்கே கேள்வி கேட்டதில்லை. 2022-இல் ஒரு ஞாயிறு மதியம் என் மகள் கேட்டாள். அவளுக்கு அப்போது பதினான்கு வயது.

“யாருப்பா வாங்கிக் குடுத்தா? தாத்தாவா?”

“இல்லம்மா. ஒரு அண்ணன்கிட்டேருந்து வந்துச்சு.”

“வந்துச்சுன்னா? சும்மா குடுத்தாரா, வித்தாரா?”

“வாசிக்கக் குடுத்தாரு.”

“அப்ப அது உன்னோடது இல்லையே. இப்ப எங்க இருக்கு?”

“பழசாயிருச்சும்மா” என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்து போனேன். தாகம் ஒன்றும் இல்லை.

அன்றிலிருந்து விடாமல் கூடவே வரும் கேள்வியைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன். ஒரு பொருளை உயிராக நேசித்திருக்கிறோம். அதை நம் கையில் கொடுத்தவருக்கு அநியாயம் செய்திருக்கிறோம். அந்த நேசத்தின் நினைவை இனிமையாக வைத்துக்கொள்ள நமக்கு உரிமை உண்டா? கேள்வி பெரிசுதான். ஆனால் எனக்கு அது நாலு கிலோ எடையுள்ள ஒரு மரக்கட்டையின் வடிவத்தில்தான் வந்து சேர்ந்தது.

*

முதலில் அந்தக் கட்டையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என்னால் சொல்லாமல் இருக்க முடியாது.

கல்கத்தாவில் செய்தது. 1951-இல் லியோ ஃபெண்டர் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸைப் பார்த்து அடித்த நகல். நடுவில் தேன் நிறம், ஓரத்துக்கு வர வரக் கறுப்பு. உடம்பின் மேலிருந்த பிளாஸ்டிக் தகடு எப்போதோ உடைந்துபோய், அதற்குப் பதில் வெள்ளை சன்மைக்காவை வெட்டித் திருகியிருந்தார் அண்ணன். தோள் பட்டை, பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்த அவருடைய சிநேகிதர் தைத்துக் கொடுத்த கான்வாஸ். ரெண்டு மணி நேரம் மாட்டியிருந்தால் தோளில் சிவப்பாகக் கோடு விழும். ஈ கம்பியில் மூன்றாவது ஃப்ரெட்டை அமுக்கினால் ஓர் இரைச்சல் வரும், தீப்பெட்டிக்குள் குளவி மாட்டிக்கொண்ட மாதிரி. அண்ணன் எவ்வளவோ பார்த்தும் அது போகவில்லை. விரலைக் கொஞ்சம் முன்னால் தள்ளி, ஃப்ரெட்டை ஒட்டினாற்போல் வைத்து அமுக்கினால் மட்டும் அடங்கும். அந்த ஒரு மில்லிமீட்டர் என் விரலில் இன்னும் இருக்கிறது. கடையில் எந்த பேஸை எடுத்துப் பார்த்தாலும் அந்த இடம் வந்தால் விரல் தானாக முன்னே நகர்கிறது.

அண்ணன் பாலக்கரைக்காரர். குழுவில் எல்லோரும் அவரை ‘பாய்’ என்று கூப்பிடுவார்கள், நான் மட்டும் அண்ணன் என்பேன். பெயரை எழுதப்போவதில்லை. 1993-இல் எனக்குப் பதினேழு வயது. ஆம்ப்ளிஃபயர் தூக்குவதற்கும் ஒயர் சுருட்டுவதற்கும் என்று போய் அந்தக் குழுவில் ஒட்டிக்கொண்டேன்.

பாடம் என்று அவர் எதையும் நடத்தவில்லை. கேசட்டைப் போட்டு, டேப் ரெக்கார்டரைத் துணிமணி வைக்கும் மரப்பெட்டியின் மேல் தூக்கி வைப்பார். “பெட்டியில காத வை” என்பார். ‘பனிவிழும் மலர்வனம்’ பாட்டை நான் அப்படித்தான் உருப்படியாகக் கேட்டேன். 1982-இல் ‘நினைவெல்லாம் நித்யா’வில் வந்த பாட்டு. அதுவரை எனக்கு அதில் எஸ்.பி.பி. மட்டும்தான் இருந்தார். பெட்டியில் காதை வைத்த பிறகு, தரைக்குக் கீழே இன்னொருவர் தன் பாட்டுக்கு நடந்துபோவது கேட்டது. இளையராஜாவிடம் பல வருடம் பேஸ் வாசித்த சசிதரன் பெயரையே அண்ணன் சொல்லித்தான் முதலில் கேள்விப்பட்டேன். நாங்கள் வாங்கிய கேசட் உறைகளில் அந்த மாதிரிப் பெயர்களைத் தேடினாலும் கிடைக்காது.

பின்னால் ஒரு விஷயம் படித்தேன். பேஸின் ஈ கம்பியைச் சும்மா தட்டினால் நொடிக்கு 41 அதிர்வு. உள்ளங்கை அகல ஸ்பீக்கர் அதைத் தருவது கிட்டத்தட்ட நடக்காத காரியம். 82, 123 என்று அதற்கு மேலிருக்கும் மடங்குகளைத்தான் அது தரும். மூளை அந்த மடங்குகளைக் கேட்டு, இவற்றுக்கெல்லாம் அடியில் 41 இருந்தாக வேண்டும் என்று தானே முடிவுகட்டி, இல்லாததை நமக்குக் கேட்க வைத்துவிடும். மரப்பெட்டி கொஞ்சம் உதவியது, மிச்சத்தை என் மண்டையே வாசித்திருக்கிறது.

அவர் சொல்லிக் கொடுத்தது என்று பார்த்தால் ரெண்டே விஷயம். “பாடுறவனப் பாக்காத. ட்ரம்ஸ்காரன் வலது காலைப் பாரு.” இது ஒன்று. இன்னொன்று, “அடிக்கிறது பெரிசில்லடா, எப்ப விடுறேங்கறதுதான்.” கம்பியைத் தட்டுகிற நேரத்தைவிட அதை அமர்த்துகிற நேரத்தில்தான் பாட்டு நடக்கும் என்பது அப்போது புரியவில்லை, ரொம்ப நாள் கழித்துக் கை தானாகச் செய்தபோது புரிந்தது.

கம்பி வேகவைத்த கதை உண்மைதான். புது செட் எங்களுக்குக் கட்டுப்படியாகாது. விரலின் எண்ணெயும் வியர்வையும் கம்பியின் சுற்றுக்களுக்குள் ஏறி ஓசை மந்தமாகிவிடும். கழற்றிக் கொதிக்கிற தண்ணீரில் பத்து நிமிஷம் போட்டு, வேட்டித் துணியால் துடைத்து மாட்டினால் நாலைந்து கச்சேரிக்குக் கணீரென்று இருக்கும். அம்மா அந்தப் பாத்திரத்தை அதற்கப்புறம் அடுப்பில் ஏற்றவே இல்லை.

லால்குடிப் பக்கம் ஒரு திருவிழா முடிந்து வேனில் திரும்பிய விடியற்காலை நினைவிருக்கிறது. பின்னால் முழுக்க ஸ்பீக்கர் பெட்டிகள், கால் நீட்ட இடமில்லை. பேஸை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு தூங்கினேன். மேடு பள்ளத்தில் வேன் குலுங்கும்போதெல்லாம் கம்பிகள் மெல்ல முனகின. காதுக்கு வருவதற்கு முன்னால் அது விலா எலும்புக்கு வந்தது. அதைவிடச் சுகமான தூக்கம் அதற்குப் பிறகு எனக்கு வாய்க்கவில்லை. இதில் பொய் எதுவும் இல்லை.

*

அந்த வருடங்களில் குழுக்களில் ஒரு மாற்றம் நடந்துகொண்டிருந்தது. கீபோர்டுகள் கைக்கெட்டும் விலைக்கு வந்தன. கீபோர்டுக்காரரே இடது கையால் பேஸையும் வாசித்துவிடலாம். ஓர் ஆள் சம்பளம் மிச்சம், வேனில் ஒரு சீட் மிச்சம். எங்கள் குழுவை நடத்தியவர் கெட்டவர் இல்லை, கணக்குப் பார்ப்பவர். அண்ணனுக்குக் கச்சேரிக்கு நூற்றைம்பது ரூபாய். சின்னக் கச்சேரிகளுக்கு அவரைக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். 1995-இல் ஒரு மச்சான் மூலமாகத் தம்மாமில் ஸ்டோர் கீப்பர் வேலை கிடைத்து அண்ணன் சவூதிக்குக் கிளம்பினார்.

கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம், பேஸைப் பழைய போர்வையில் சுற்றி எங்கள் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தார். “சும்மா மாட்டி வச்சா வீணாப் போயிரும். நீ வாசிச்சுக்கிட்டே இரு. ஆனா இது அமானிதம்டா தம்பி. வந்து வாங்கிக்கிறேன்.”

அமானிதம் என்ற சொல்லை அதற்கு முன் கேட்டிருக்கிறேன், யோசித்ததில்லை. அரபியிலிருந்து வந்து தமிழ் முஸ்லிம்கள் வீட்டுப் பேச்சில் புழங்குகிற சொல். நம்பி ஒப்படைத்த பொருள். நபிகளுக்கு மக்காவில் இருந்த அல்-அமீன் என்ற பெயரும் அந்த வேரிலிருந்து வந்ததுதான். அவரை ஊரைவிட்டே விரட்டப் பார்த்தவர்களும் தங்கள் பொருள்களை அவரிடம்தான் கொடுத்து வைத்திருந்தார்கள் என்றும், மதீனாவுக்குப் புறப்பட்டபோது அவற்றை உரியவர்களிடம் சேர்ப்பிக்க அலியை விட்டுவிட்டுப் போனார் என்றும் அவருடைய வரலாற்றில் சொல்வார்கள். நம் பக்கத்துச் சொல் அடைக்கலம். சிலப்பதிகாரத்தில் ஒரு காதைக்கே அந்தப் பெயர். கவுந்தியடிகள் கண்ணகியை மதுரையில் மாதரியிடம் அடைக்கலமாக விடுகிறார். மாதரி ஒரு தப்பும் செய்யவில்லை. பாலும் மோரும் விற்கிற இடைச்சி, வீடு ஒழித்துக் கொடுத்தாள், மகளைத் துணைக்கு வைத்தாள். தப்புச் செய்தது பொற்கொல்லன், விசாரிக்காமல் விட்டது அரசன். ஆனாலும் அடைக்கலப் பொருளைக் காக்க முடியவில்லையே என்று தீயில் விழுந்து செத்தவள் மாதரி. பள்ளிக்கூடத்தில் இது எனக்கு மிகையாகப் பட்டது. இப்போதும் அவள் செத்திருக்க வேண்டாம் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அவளுக்கு என்ன வலித்தது என்று தெரிகிறது.

அண்ணன் விமானம் ஏறிய அடுத்த வாரம் குழு நடத்தியவர் என்னைக் கூப்பிட்டு, “பாதிக்கு வர்றியா?” என்றார். எழுபத்தைந்து ரூபாய். போனேன். அந்தப் பாதிச் சம்பளத்தில் அண்ணனுடைய மீதிப் பாதி போனதை அன்று நான் கவனிக்கவில்லை, மேடையில் நிற்கிறோம் என்கிற போதை.

*

1999. இரண்டாயிரம் பிறந்ததும் கம்ப்யூட்டர்கள் தேதியைக் குழப்பிக்கொள்ளும் என்று உலகமே பதறிக்கொண்டிருந்தது. பழைய நிரல்களைத் திருத்த ஆட்கள் தேவை. கோபால் என்று ஒரு கணினி மொழி. பெயரைக் கேட்டு அப்பா, “நம்ம கோபாலா?” என்றார். ஒரு பயிற்சி நிலையத்தில் சேர முதல் தவணைக்கு ரெண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் குறைந்தது. அப்பாவிடம் கேட்டிருக்கலாம், கடன் வாங்கியாவது கொடுத்திருப்பார். கேட்கக் கூச்சம். குழுவிலும் வாரம் ஒரு கச்சேரி கிடைப்பதே பெரிசாகிவிட்டிருந்தது. மணப்பாறைப் பக்கத்திலிருந்து ஒரு பையன் வந்தான், சர்ச்சில் வாசிக்கிறவன். வாசித்துக் காட்டினேன். ரெண்டாயிரத்து ஐந்நூறை எண்ணிக் கொடுத்து, அதே போர்வையோடு வாங்கிக்கொண்டு போனான்.

அழவெல்லாம் இல்லை. எனக்கு நானே ஒரு வாதம் வைத்திருந்தேன். நாலு வருடமாக வாசித்தது நான். கம்பியை வேகவைத்தது நான், தோளில் தழும்பு வாங்கியது நான். உழுபவனுக்கு நிலம் சொந்தம் என்றால் வாசிப்பவனுக்கு பேஸ் சொந்தம் ஆகாதா? அன்று இது எனக்கு வலுவான வாதமாகவே பட்டது. உழுகிறவன் நிலத்தைக் கேட்பது உழவைத் தொடர்வதற்கு, நான் கேட்டதோ விற்றுவிட்டுப் போவதற்கு என்ற சின்ன வித்தியாசம் உறைக்கவில்லை. தவிர, அண்ணன் தினாரோ ரியாலோ சம்பாதிக்கிறார், வந்தால் நல்லதாக வேறொன்று வாங்கிக்கொள்வார் என்றும் சேர்த்துக்கொண்டேன். சவூதியில் தினார் இல்லை என்பதுகூடத் தெரியாத வயது.

கோர்ஸ் முடித்தேன், சென்னையில் வேலை கிடைத்தது. பிறகு வீடு, மகள், எல்லாம்.

2003-இல் அண்ணன் ஊருக்கு வந்தார். எங்கள் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் நம்பர் வாங்கி எனக்குப் போன் செய்தார். குசலம் விசாரித்து முடிந்ததும், “அந்த பேஸ் இருக்காடா?” என்றார்.

“நெக் வளைஞ்சிருச்சுண்ணே. மழைக்காலத்துல. சரி பண்ணலாம்னு பாத்தேன், உடைஞ்சிருச்சு.”

மழைக்காலத்தை எதற்குச் சேர்த்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. பொய்க்கு அப்படி ஒரு கைவேலை தேவைப்படுகிறது.

அவர் உடனே, “ராடை ஒரேடியா டைட் பண்ணிருப்பே. அந்த மரம் தாங்காதுடா” என்றார். நடக்காத முறிவுக்குக் காரணம் கண்டுபிடித்துக் கொடுத்தார். பிறகு, “உன் மேல தப்பு இல்ல, விடு. வாசிச்சேல்ல, அது போதும்.”

அன்று எனக்கு வந்தது நிம்மதிதான். அவர் மன்னித்தது நான் செய்யாத தப்பை. செய்த தப்பு இருந்த இடத்திலேயே இருந்தது. இதை அறிய எனக்கு இன்னும் பத்தொன்பது வருடம் ஆனது.

*

மகள் கேட்ட பிறகு நான் செய்த முதல் காரியம், எனக்கு வழக்கமானபடி, படிக்கப் போனது. (ஒருவரிடம் நேரில் போக வேண்டிய இடத்திலெல்லாம் நான் புத்தகத்துக்குப் போகிறவன்.) அங்கே பார்த்தால் என் கதை ஏற்கெனவே இருந்தது. இம்மானுவேல் காண்ட், 1788, நடைமுறை அறிவு பற்றிய நூலில் ஓர் உதாரணம் கொடுக்கிறார். சொத்தைப் பாதுகாப்பான வழிகளில் பெருக்குவது என்று ஒருவன் கொள்கை வைத்திருக்கிறான். அவன் கையில் இன்னொருவர் ஒப்படைத்த பொருள் இருக்கிறது. ஒப்படைத்தவர் இறந்துவிட்டார், எழுத்து எதுவும் இல்லை. அவன் அதை மறுத்துவிடலாமா? நிரூபிக்க முடியாத ஒப்படைப்பை எவரும் மறுக்கலாம் என்று அதையே பொது விதியாக்கிப் பார் என்கிறார் காண்ட். அந்த விதி தன்னைத்தானே அழித்துக்கொள்ளும், ஏனென்றால் பிறகு எவரும் எவரிடமும் எதையும் ஒப்படைக்கப் போவதில்லை.

ஹெகல் இதை விடவில்லை. சரி, ஒப்படைப்பே இல்லாத உலகம் ஒன்று வந்தால் வரட்டும், அதில் என்ன முரண்பாடு என்று கேட்கிறார். தர்க்கமாகப் பார்த்தால் ஹெகல் பக்கம்தான் பலம் என்று எனக்குப் படுகிறது. ஆனால் அந்த உலகம் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அதில் பத்தொன்பது வயதில் காசில்லாத ஒருவன் கையில் பேஸ் இருக்காது. வேன் தூக்கம் இருக்காது. விற்பதற்கு எதுவும் இல்லாததால் கோபாலும் இல்லை, சென்னையும் இல்லை. எனக்குக் கிடைத்த ரெண்டு வாழ்க்கைக்கும், வாசித்ததற்கும் சம்பாதித்ததற்கும், முதல் போட்டது ஒருவர் என்மேல் வைத்த நம்பிக்கை. அந்த முதலைத்தான் நான் இல்லையென்று சொன்னேன்.

காண்ட் 1793-இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதே உதாரணத்தை இன்னும் கடினமாக்குகிறார். வைத்திருப்பவன் வறுமையில் இருக்கிறான், பிள்ளைகுட்டிக்காரன். இறந்தவரின் வாரிசுகளோ பணக்காரர்கள், ஊதாரிகள், அவர்களுக்கு விஷயமே தெரியாது. அப்போதும் எடுத்துக்கொள்ளலாமா? எட்டு ஒன்பது வயதுக் குழந்தையிடம் கேட்டால்கூடத் தப்பு என்றுதான் சொல்லும் என்கிறார். அதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்தேன். என் வீட்டில் ஒரு குழந்தை ஏற்கெனவே சொல்லிவிட்டிருந்தது.

ஆக, விற்றது தப்பு. அதில் குழப்பம் இல்லை. என் குழப்பம் நினைவைப் பற்றியது. நோஸ்டால்ஜியா என்ற சொல்லை 1688-இல் யோஹானஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர், ஊர் ஏக்கத்தால் வாடியவர்களைப் பார்த்து, ஒரு நோயின் பெயராகத்தான் உண்டாக்கினார். இப்போது அது ரசனை. எழுபதுகளின் பாட்டு, எண்பதுகளின் மிட்டாய், தொண்ணூறுகளின் கேசட். நானும் அந்தச் சந்தையில் கடை போட்டிருந்தவன்தான். கவனித்தால், அந்தக் கடையில் நாம் யாரும் யாருக்கும் எதுவும் பாக்கி வைத்திருப்பதில்லை. என் கதையில் ரசப் பாத்திரம் இருந்தது, ஷாக் அடித்த பாடகர் இருந்தார், நான் இருந்தேன். மரப்பெட்டி இருந்தது, அதில் டேப் ரெக்கார்டரைத் தூக்கி வைத்தவர் இல்லை. அவரைச் சேர்த்தால் கதை ஞாயமாக முடியாது என்பது எனக்குள் எங்கோ தெரிந்திருக்கிறது. ஆகவே 1999-இல் ஒரு தடவை விற்றதை அதற்கப்புறம் ஒவ்வொரு டீக்கும் மறுபடி விற்றிருக்கிறேன். அந்த வேன் தூக்கத்தின் சுகத்தை மறுக்க என்னால் முடியாது, மறுக்கவும் வேண்டாம் என்றே நினைக்கிறேன். அவரை உள்ளே விடாமல் அதை வைத்துக்கொள்வதுதான் முடியாது.

சரி, போய்ச் சொல்லிவிடலாம். ஆனால் அதிலும் ஒரு முள். பிளேட்டோவின் ‘குடியரசு’ தொடக்கத்திலேயே இது வருகிறது. வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பதுதான் நீதி என்று கிழவர் செஃபலஸ் சொல்ல, சாக்ரடீஸ் மடக்குகிறார்: நண்பன் நல்ல புத்தியோடு இருந்தபோது கொடுத்த ஆயுதத்தை, அவன் புத்தி பேதலித்த பிறகு வந்து கேட்டால் கொடுப்பாயா? திருப்பிக் கொடுப்பதே கெடுதலாகும் தருணம் உண்டு. என்னிடம் பேஸ் இல்லை, உண்மைதான் இருக்கிறது. உடைந்துபோனது என்று நம்பி ஆறிப்போன ஒரு மனுஷரிடம் போய் அதைக் கிளறுவது யாருடைய நிம்மதிக்கு? என்னுடையதற்குத்தான் என்று பட்டது. அதனால் ஒரு வருடம் போல ஒத்திப்போட்டேன். அந்த ஒத்திப்போடுதலிலும் நிம்மதி என்னுடையதாகவே இருந்ததைப் பார்த்த பிறகு போனேன்.

*

2023 பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது பாலக்கரையில் அதே வீடு. சட்டைப் பையில் கவர், முப்பதாயிரம் ரூபாய். இன்று ஒரு நல்ல பேஸ் அந்த விலைக்கு வரும் என்று என் கணக்கு. அண்ணனுக்குச் சர்க்கரை, இடது கை விரல்கள் சரியாக மடங்கவில்லை. மகன் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறார். மகளைப் பற்றி, சென்னையைப் பற்றி எல்லாம் விசாரித்தார். நான் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். சொல்லும்போது அவருடைய சட்டைப் பித்தானைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

“எவ்வளவுக்குப் போச்சு?”

“ரெண்டாயிரத்து ஐந்நூறு.”

“ஏமாந்துட்டியேடா. நான் மூவாயிரத்து இருநூறுக்கு வாங்குனது, எண்பத்தி ஒம்போதுல.” சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. “அப்ப அது உடையல.”

“இல்லண்ணே.”

“இருவது வருசமா அது உடைஞ்ச மாதிரியே மனசுல வச்சிருக்கேன். நெக்கு எந்த எடத்துல விட்டிருக்கும்னுகூட யோசிச்சிருக்கேன்டா.”

கவரை எடுத்து நீட்டினேன். அவர் தொடவில்லை. உள்பக்கம் திரும்பி அண்ணியைக் கூப்பிட்டார். “இதப் பத்தி நீ அவகிட்டதான் பேசணும். அவ வளையல வச்சு வாங்குனது.”

அண்ணி டீயோடு வந்தார். எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். “ரெண்டு பவுன், தம்பி. எங்க அத்தா போட்டது. அடகு வச்சு, வட்டி கட்ட முடியாம மூழ்கிப்போச்சு.” காய்கறி விலை சொல்கிற குரல். “இன்னைக்குப் பவுன் என்ன வெலைன்னு தெரியும்ல?”

தெரியும். கவரில் இருந்தது ஒரு பவுனுக்கே காணாது. மீதியை அனுப்பிவைக்கிறேன் என்று ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அண்ணி கவரை வாங்கி அண்ணன் பக்கத்தில் ஸ்டூலில் வைத்தார்.

“கிட்டாருக்கு இது சரியாப் போச்சு. அது அவரு சாமான், அவருக்குக் குடுத்துட்டீங்க. வளையலுக்கு நீங்க தர வேணாம். நீங்களா எடுத்துட்டுப் போனீங்க? என்னைக் கேக்காம பீரோவுலேருந்து எடுத்துட்டுப் போனது யாருன்னு அவருக்குத் தெரியும்.”

அண்ணன் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். முப்பத்து நாலு வருடத்தில் இந்தப் பேச்சு அந்த வீட்டில் எத்தனை தடவை நடந்திருக்கும், அல்லது அன்றுதான் முதல் தடவையா, என்னால் ஊகிக்க முடியவில்லை. அண்ணி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

கிளம்பும்போது அண்ணன் தெருமுனை வரை வந்தார். ஆட்டோவுக்காக நின்றோம்.

“அந்தப் பையன் வாசிப்பானா?”

“சர்ச்ல வாசிக்கிறேன்னு சொன்னான்ணே. தொட்ட விதத்துல தெரிஞ்சுது, வாசிக்கிறவன்தான்.”

தலையாட்டிக்கொண்டார். ஆட்டோ வந்து நின்றது. நான் ஏறி உட்கார்ந்த பிறகு குனிந்து கேட்டார்.

“ஈ கம்பியில மூணாவது ஃப்ரெட்டு, அந்த இரைச்சல். விக்கும்போது இருந்துச்சா?”

“இருந்துச்சு.”

“அவன்கிட்ட சொன்னியா? வெரல முன்னால தள்ளி அமுக்கணும்னு?”

“இல்லண்ணே. அந்த எடமே வராத பாட்டாப் பாத்துத்தான் வாசிச்சுக் காட்டினேன்.”